ஃபோம் பேனல் சுருங்குனா மாட்டுனவன்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சூட்டைத் தடுக்க ஃபோம் பேனல் போடுறதப் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா தடிமன் எவ்வளவு, சூடு எவ்வளவு குறையும்னு எல்லாம் எழுதுனவங்க அந்த பேனல் பின்னாடி சுருங்கும்ங்கிறத ஒரு வரி கூட சொல்லல. நான் பேனல் மாட்டுற வேலையில இருக்கேன், அதான் எழுதுறேன்.

மாட்டுறப்போ ரெண்டு பேனலும் இடிச்சுக்கிட்டு நிக்கும், நடுவுல பேப்பர் கூட நுழையாது. கொஞ்ச மாசம் கழிச்சு மேல இருக்குற ஷீட்டக் கழட்டிப் பாத்தா ஜாயின்ட்ல ஸ்டீல் ஸ்கேல் தாராளமா இறங்குது, ஓரமெல்லாம் லேசா உள்வாங்கிக் கிடக்கு. உடனே பழி எங்க தலையில. 1200 மில்லிமீட்டர் போர்டு வெறும் 0.5 சதவீதம் சுருங்குனாலே 6 மில்லிமீட்டர் போச்சு, இதுல மாட்டுனவன் என்ன பண்ணுவான் சொல்லுங்க?

இந்த பேனல்ல இருக்குற பாலியூரித்தேன் ஃபோம் முழுக்க குட்டிக் குட்டியா மூடுன அறைங்க, உள்ள கேஸ். தயாரிக்கும்போது ரியாக்‌ஷன் சூட்டுல நடுப்பகுதி 100 டிகிரியத் தாண்டிடும், அது ஆற ஆற உள்ள இருக்குற கேஸோட அழுத்தம் குறையும், போதாக்குறைக்கு கார்பன் டை ஆக்சைடு சீக்கிரமா வெளிய கசிஞ்சிடும் ஆனா வெளிக்காத்து அந்த வேகத்துல உள்ள வராது. சுடுதண்ணியக் கொட்டிட்டு உடனே மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒடுங்குற கதைதான். அறைச் சுவர் தெம்பா இருந்தா தாங்கும், மெட்டீரியல் மிச்சம் பண்றேன்னு டென்சிட்டியில, அதாவது ஃபோமோட அடர்த்தியில, கை வெச்சா எங்க தாங்கும்? தெர்மாகோலும் இப்படித்தான், அத உப்ப வைக்கிற பென்டேன்ங்கிற கேஸ் உள்ள இருந்து வெளியேறி செட் ஆகுறதுக்குள்ள வெட்டி லாரியில ஏத்திட்டா மீதி சுருக்கம் சைட்லதான் நடக்கும்.

பிரவுச்சர்ல வெப்பம் கடத்துற அளவ மட்டும் கொட்டை எழுத்துல போடுறாங்க. வாங்குறவங்க தயாரிச்ச தேதியக் கேக்கணும், அளவு மாறாம நிக்குதான்னு பண்ணுன டெஸ்ட் ரிப்போர்ட்டயும் கேக்கணும். 70 டிகிரி சூடு, 90 சதவீத ஈரப்பதத்துல 48 மணி நேரம் வெச்சு அளந்து பாக்குற டெஸ்ட் இருக்கு, ஈஎன் 1604ங்கிற ஐரோப்பிய தர விதினு சொல்லுவாங்க. அப்புறம் தடிமனா ஒரே லேயர் போடுறதுக்கு பதிலா ரெண்டு லேயரா ஜாயின்ட் மேல ஜாயின்ட் வராம மாத்தி மாத்தி போட்டா, சுருங்குனாலும் சூடு நேரா உள்ள வராது. கூலி கொஞ்சம் கூடும், உண்மைதான்.

அடுத்த தடவ இதப் பத்தி எழுதுறப்போ இந்த தேதி, டெஸ்ட் விஷயத்தையும் சேத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு பேனல் ஃபிட்டர்