ஒரு ராத்திரி நிறுத்த ஓர் இடம்

அன்பு நண்பா,

உன் கடிதமும் பேத்தியின் காதுகுத்துப் படங்களும் வந்து சேர்ந்தன. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு கம்பில்லாமல் கடைத்தெரு வரை போய் வருகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு மனசு ஆறியது. பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதே. வலி குறைந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் மறுபடி அவதிப்படுகிறார்கள் என்று இவள் எழுதச் சொன்னாள். இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள் சொல்வது, கேட்டுக்கொள்.

இங்கே நாங்கள் நலம். பெரியவன் வேலை மாற்றிக்கொண்டு மான்செஸ்டருக்குப் போய்விட்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் மோட்டார்ஹோமை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். போன வருஷம் பிரான்ஸ் போனோம், இந்த வருஷம் ஸ்காட்லாந்தின் வடகோடி.

"வண்டிக்குள்ளேயே சமைத்துத் தூங்குகிறீர்கள், சரி. ராத்திரி அதை எங்கே நிறுத்துவீர்கள், கழிவெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டிருந்தாய். போட்டோ பார்த்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வண்டி என்ன விலை என்றுதான் கேட்டார்கள். சர்வீஸ் முழுக்க நகராட்சிக் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் பார்த்தவனுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். எனக்கும் இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, பொறுமையாகப் படி.

முதலில் வண்டியின் கணக்கு. நல்ல தண்ணீருக்கு 100 லிட்டர் அளவில் ஒரு டேங்க். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் அடியில் இன்னொரு டேங்கில் சேரும். கக்கூஸுக்குக் கீழே கேசட் என்று ஒரு பெட்டி இருக்கிறது, வெளியிலிருந்து சின்னக் கதவைத் திறந்து உருவி எடுக்கலாம். அது 17 முதல் 20 லிட்டர் வரை கொள்ளும். இரண்டு பேர் இருந்தால் இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். கரண்டுக்குக் கூரையில் சோலார் இருக்கிறது, அடுப்புக்கு கேஸ் இருக்கிறது, படுக்கை சொந்தமாக இருக்கிறது. ஆக ஊர்க்காரர்கள் எங்களுக்குத் தர வேண்டியது சமதளமாக ஒரு துண்டு நிலம், ஒரு குழாய், ஒரு வடிகால், கேசட்டைக் கொட்ட ஒரு தொட்டி. அதிலும் நிலம் தினமும் தேவை, மற்ற மூன்றும் மூன்று நாளைக்கு ஒருதரம் கிடைத்தால் போதும்.

பிரான்ஸ்காரர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே ஆயிரக்கணக்கான ஊர்களில் 'ஏர்' என்று மோட்டார்ஹோம்களுக்காகவே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். (நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடங்களையும் அதே பெயரில்தான் சொல்வார்கள். அங்கே ராத்திரி தூங்க வேண்டாம், திருட்டு பயம் உண்டு.) பர்கண்டியில் நாங்கள் தங்கிய ஒரு கிராமத்தில் விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் ஜல்லி பரப்பி ஆறேழு வண்டிக்கு இடம் விட்டிருந்தார்கள். ஓரத்தில் நெஞ்சளவு உயரத்தில் இரும்புப் பெட்டி ஒன்று. அதன் ஒரு பக்கம் குடிநீர்க் குழாய், டோக்கன் போட்டால் 100 லிட்டர் வரும். கேசட் அலசுகிற குழாய் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. கேசட் அலசிய ஹோஸ் குடிநீர்க் குழாயில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. தரையில் கம்பி போட்ட வடிகால். வண்டியை அதன் மேல் கொண்டுவந்து நிறுத்தி அடியிலுள்ள வால்வைத் திறந்தால் கழுவிய தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போய்விடும். பனி உறையும் மாதங்களில் குழாயை மூடிவிடுவார்கள் என்று போர்டில் எழுதியிருந்தது. அவ்வளவுதான் கட்டுமானம். நீயாக இருந்தால் ஒரு பக்கத்தில் எஸ்டிமேட் போட்டு முடித்திருப்பாய்.

டோக்கன் எங்கே வாங்குவது தெரியுமா? பேக்கரியில். டோக்கன் வாங்கப் போனவள் இரண்டு ரொட்டியும் ஒரு பழக்கேக்கும் வாங்கிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் அங்கிருந்த ஒரே உணவகத்தில் சாப்பிட்டோம், காலையில் சந்தையில் காய்கறி வாங்கினோம். எங்களைப் போலத்தான் மற்ற வண்டிக்காரர்களும். ஊராட்சி அந்த ஜல்லித்தரைக்கு எங்களிடம் ஒரு யூரோகூட வாங்கவில்லை. ஊர்க்கடைகளுக்குப் போன பணம் அதைப் போலப் பல மடங்கு.

எல்லா ஊரும் இலவசமில்லை. நார்மண்டியில் ஓன்ஃப்ளோர் என்ற துறைமுக ஊரில் பெரிய ஏர் இருக்கிறது, மெஷினில் காசு கட்டி உள்ளே போக வேண்டும். கட்டினால் பழைய துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். அந்த ஊரின் குறுகலான தெருக்களுக்குள் பெரிய வண்டிகள் நுழைந்து மாட்டிக்கொள்ளாமல் இருப்பது ஊருக்கும் லாபம்தானே. இது தவிர 1993 முதல் 'ஃபிரான்ஸ் பாஷன்' என்று ஓர் ஏற்பாடு நடக்கிறது. திராட்சைத் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் தங்கள் நிலத்தில் ஒரு நாள் இலவசமாக நிறுத்த விடுகிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அவர்கள் செய்த பாலாடைக்கட்டியையும் ஒயினையும் ருசி பார்த்துவிட்டு வெறுங்கையோடு யார் கிளம்புவார்கள்?

இதெல்லாம் நம் ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் மாதிரியா என்று கேட்டிருந்தாய். இல்லை. சரபோஜி கட்டிய சத்திரத்தில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டார்கள், படுக்க இடம் கொடுத்தார்கள், பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். அது தர்மம். இந்த வண்டிக்காரர்கள் யாரிடமும் சோறோ கூரையோ கேட்கவில்லை. சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல் வேண்டுமானால் பொருந்தும்: இறக்கி வைக்க, மூச்சு விட, மறுபடி தூக்கிக்கொண்டு நடக்க.

பிரிட்டனுக்கு வந்தால்தான் வருத்தமாக இருக்கிறது. கடற்கரைப் பக்கம் எங்கே பார்த்தாலும் 'இரவில் தங்கக் கூடாது' என்று போர்டு, உயரமான வண்டி நுழையாதபடி குறுக்குக் கம்பி. ஒரு தடவை இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பினார்கள். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர் வேலையை அவர் செய்தார். "கிளம்புகிறோம், பக்கத்தில் எங்கே நிறுத்தலாம்?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கவுன்சிலின் (நம் ஊர் நகராட்சி மாதிரி) எல்லைக்குள் அப்படி ஓர் இடமே கிடையாது. இருட்டில் ஒரு மணி நேரம் ஓட்டி, லாரிகள் நிற்கிற சாலையோரத்தில் போய்ப் படுத்தோம். காலியாகக் கிடந்த அந்தக் கார் நிறுத்துமிடத்தில் நாங்கள் தூங்கியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

சட்டத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கேரவன்கள், அதாவது எங்களுடையதைப் போன்ற வீட்டு வண்டிகள், தங்குகிற நிலத்துக்கு உரிமம் வேண்டும் என்று 1960-ல் ஒரு சட்டம் வந்தது. அங்கீகாரம் பெற்ற கேரவன் கிளப்புகள் மட்டும், ஒரு விவசாயியின் நிலத்தில் ஐந்து வண்டிவரை தங்கலாம் என்று தாங்களே சான்று கொடுக்கலாம். அந்த ஐந்து வண்டி இடங்கள் அருமையாக இருக்கும், நாங்களும் தங்கியிருக்கிறோம். ஆனால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும், அநேகமாக ஊருக்கு வெளியே இருக்கும். இருட்டிய பிறகு ஊருக்குள் வந்து சேர்கிறவனுக்கு அது உதவாது. கேன்டர்பரியில் மட்டும் நல்ல ஏற்பாடு பார்த்தேன். ஊர் எல்லையில் காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகிற நியூ டோவர் சாலை நிறுத்துமிடத்தில் மோட்டார்ஹோமுக்கும் இடம், தண்ணீர், கழிவு கொட்ட வசதி எல்லாம் இருக்கின்றன. கதீட்ரல் என்ற பெரிய தேவாலயத்தைப் பார்க்க அங்கிருந்தே பஸ்.

ஸ்காட்லாந்தின் கதை வேறு. 2015-ல் இன்வெர்னஸிலிருந்து வடகரையைச் சுற்றி வரும் 516 மைல் பாதைக்கு 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தார்கள். கூட்டம் குவிந்தது. சாலையோ பல இடங்களில் ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான், எதிரே வருகிறவருக்கு வழிவிட அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்தியிருப்பார்கள். அந்த ஒதுங்கிடத்திலேயே வண்டியை நிறுத்திப் படுத்துவிடுகிறார்கள் சிலர். ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது? ஒரு சின்ன ஊரில் கடை வைத்திருக்கும் அம்மா எங்களிடம் மனம் கசந்து சொன்னார்: ஆடு தண்ணீர் குடிக்கிற ஓடையில் ஒருவன் கேசட்டைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்று வருகிறவர்கள் பலர் நினைக்கிறார்கள். அந்த உரிமை நடந்து போகிறவர்களுக்கும் கூடாரம் போடுகிறவர்களுக்கும்தான், மோட்டார் வண்டிக்கு இல்லை.

அந்த அம்மாவின் கோபம் முழுக்க நியாயம். அதே சமயம், கொட்ட இடமே வைக்காமல் ஆயிரம் வண்டிகளை வா வா என்று கூப்பிட்டது யார்? அந்தப் பக்கத்து ஊர்களில் பொதுக் கழிப்பிடங்கள் பல செப்டிக் டேங்கை நம்பித்தான் இருக்கின்றன. கேசட்டில் நாற்றம் வராமலிருக்க ஊற்றுகிற நீல ரசாயனம் செப்டிக் டேங்கின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அங்கே கொட்ட விடமாட்டார்கள், விடவும் கூடாது. பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களில் தொட்டி கட்டி, அது எங்கே இருக்கிறது என்று வழி நெடுக போர்டு வைத்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும். மூன்று நாளைக்கு ஒருதரம்தான் தேவை என்றேனே, ஊருக்கு ஊர் கட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை.

இப்போது கொஞ்சம் விடிகிறது. 2021-ல் ஸ்காட்லாந்து வனத்துறை 'ஸ்டே தி நைட்' என்று ஒரு சோதனை தொடங்கியது. உள்ளேயே கக்கூஸ் வசதி உள்ள வண்டிகள் சாயங்காலம் வந்து காட்டின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு ராத்திரி தங்கி, காலை பத்து மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். 2024-ல் ஹைலேண்ட் கவுன்சில் வாரத்துக்கு 40 பவுண்டு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. விருப்பப்பட்டால் கட்டலாம், கட்டாயமில்லை. கட்டினால் கவுன்சிலின் சில நிறுத்துமிடங்களில் இரவு தங்கலாம், அவர்களுடைய உடற்பயிற்சி மையங்களில் குளிக்கலாம்.

இதையெல்லாம் செய்தால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது என்று, காசு வாங்கிக்கொண்டு வண்டிகளைத் தங்கவைக்கிற கேம்ப்சைட் நடத்துகிறவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் பயத்தை நான் தள்ளிவிடமாட்டேன், மூன்று நான்கு மாத சீசனை நம்பி வருஷம் முழுக்க ஓட்ட வேண்டியவர்கள். ஆனால் பிரான்ஸில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. ஏரில் பெரும்பாலும் ஒன்றிரண்டு ராத்திரிதான். நாற்காலி மேஜையை வெளியே போடக் கூடாது, பந்தலை விரிக்கக் கூடாது. குழந்தைகளோடு ஒரு வாரம் தங்கி, துணி துவைத்து, புல்வெளியில் விளையாட வேண்டும் என்றால் கேம்ப்சைட்டுக்குத்தான் போக வேண்டும். நாங்களும் நான்கைந்து நாளைக்கு ஒருதரம் அப்படிப் போகிறோம். இரவு ஒன்பது மணிக்கு வந்து காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறவனுக்கு நீச்சல்குளமும் கரண்டும் எதற்கு? அதற்கும் சேர்த்துக் காசு கொடு என்றால் அவன் சாலையோரத்தில்தான் ஒதுங்குவான்.

எங்கள் ஊர்க் கவுன்சிலுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சனி ஞாயிறு தவிர காலியாகவே கிடக்கிற ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஐந்து வண்டிக்கு இடம் கேட்கிறேன். கழிவுத் தொட்டிக்குச் சரிவு எவ்வளவு வைக்க வேண்டும், நாற்றம் மேலே வராமலிருக்க வளைகுழாய் எப்படி, ஹோஸ் வழியாகக் குடிநீருக்குள் அழுக்கு திரும்பி ஏறாமலிருக்க எந்த வால்வு சரி, இதெல்லாம் நீ ஒரு தாளில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பு. இங்கத்திய விதிமுறையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம், நீங்கள் இருவரும் வருகிற விஷயம். மே மாதமே வந்துவிடுங்கள். ஜூனுக்கு மேல் ஸ்காட்லாந்தில் மிட்ஜ் என்கிற பூச்சி கிளம்பிவிடும், கொசுவைவிடச் சின்னது, கடி அதைவிட மோசம். பிரான்ஸும் பார்க்க வேண்டும் என்றால் பிரிட்டன் விசா போதாது, ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். அதனால் பொங்கல் கழிந்ததும் ஏற்பாட்டை ஆரம்பித்துவிடு. கீழ்ப் படுக்கை உங்களுக்கு. மேலே ஏணி வைத்து ஏற வேண்டும், உன் மூட்டுக்கு அது ஆகாது. தேதி முடிவானதும் எழுது, கப்பலில் இடம் போட்டுவிடுகிறேன்.

தங்கச்சிக்கு எங்கள் அன்பைச் சொல்.

என்றும் உன்
பழைய தோழன்