மொரீஷியஸிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ரோஸ் ஹில்லில் தெருவுக்குத் தெரு பருப்புப் பூரி கிடைக்கிறது. ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. ஆனால் வாய் திறந்தால் எல்லோருக்கும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். எனக்குப் பாதிப் பேச்சு சைகையிலேயே போகிறது.

நம் ஜனங்கள் இங்கே அடிமையாக வந்தார்களா, கூலியாகவா என்று போனில் கேட்டீர்களே. ஆயுசு பூரா தொழிற்சங்கத்தில் இருந்தவருக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் ஆகாது.

1835 பிப்ரவரி 1-ல் இங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. நஷ்டஈடு முதலாளிகளுக்கு. அடிமையாக இருந்தவர்களுக்குக் காசு கிடையாது. இன்னும் சில வருஷம் அங்கேயே உழைக்கச் சொன்னார்கள். அதற்குள் கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து கப்பல் வந்துவிட்டது, கையில் ஐந்து வருஷ ஒப்பந்தத்தோடு. இப்படி வந்தவர்கள் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். ஒப்பந்தம் முடித்தவரும் தப்பவில்லை: 1867 சட்டப்படி போட்டோ ஒட்டிய பாஸ் இல்லாமல் வெளியே போனால், வேலையற்றுத் திரிகிறவன் என்று பிடித்து உள்ளே போட்டார்கள்.

சர்வதேசச் சட்டமாவது கேட்டதா? அடிமை முறைக்கு எதிராக நாடுகள் சேர்ந்து போட்ட 1926 ஜெனீவா உடன்படிக்கைப்படி, ஒருவன்மேல் சொத்துரிமை செலுத்தினால்தான் அடிமைத்தனம். கைநாட்டு வைத்தவன் யார் சொத்து? கட்டாய வேலையைக்கூட, பொதுக் காரியத்துக்கென்றால் வாங்கிக்கொள்ளலாம் என்று 5-ஆம் பிரிவில் விட்டுவிட்டார்கள். 1930-ல் கட்டாய வேலைக்கென்றே தனி உடன்படிக்கை வந்தது. அதிலும் ராணுவ சேவை, ஊர்ச் சில்லறை வேலை என்று விலக்குகள். கடனுக்காகக் கொத்தடிமை ஆவதைப் பேர் சொல்லித் தடை செய்ய 1956 ஆயிற்று.

இதைக் கேளுங்கள். 1926-ல் இந்தியா சார்பில் கையெழுத்துப் போட்டவர்கள், அடிமை முறையை ஒழிப்பது, கட்டாய வேலையைக் கட்டுப்படுத்துவது ஆகிய பிரிவுகள் சமஸ்தானங்களைக் கட்டுப்படுத்தாது என்று எழுதி வைத்தார்கள். பர்மா எல்லை நாகா பகுதிகளுக்கும் அதே விலக்கு. நம் புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் சமஸ்தானம்தானே! நான் கடல் தாண்டி வந்து விசாரிக்கிறேன், விலக்கு வாங்கிய ஊரில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

என் வேலை பர்மிட்டும் ஒரே கம்பெனி பேரில்தான். வேலையை விட்டால் அதுவும் போச்சு. அதற்காக என்னை அந்த ஒப்பந்தக் கூலிகளோடு சேர்க்காதீர்கள், ஏசி ரூமில் கணக்குப் பார்க்கிறவள் நான்.

சமஸ்தான காலத்தில் வெட்டி வேலைக்கு, அதாவது கூலியில்லாத கட்டாய வேலைக்கு, ஆள் பிடித்ததைப் பற்றித் தாத்தா ஏதாவது சொல்லியிருக்கிறாரா? பெரியத்தைக்கு ஞாபகம் இருக்கும், கேட்டு எழுதுங்கள். மாத்திரைக்குப் பணம் இந்த வாரம் போடுகிறேன்.

உங்கள் மகள்