கேரி கிராண்டைக் கால்வரை பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாலிவுட் நாயகர்கள் தொடரில் சென்ற இதழில் வந்த கேரி கிராண்ட் கட்டுரை படிக்க நன்றாக இருந்தது. ஆனால் முகவெட்டு, கோட்டு சூட்டு, புன்னகை என்பதோடு நின்றுவிட்டது. அந்த மூன்றும் இருந்த நடிகர்கள் அன்றைய ஹாலிவுட்டில் ஏராளம். கிராண்டிடம் மட்டும் இருந்தது கழைக்கூத்தாடியின் உடம்பு. அதைப் பார்க்க முழு ஃப்ரேமும் சரியான வேகமும் வேண்டும். இன்று நம் வீட்டு டிவிகளில் இந்த இரண்டும்தான் முதலில் கெட்டுப்போகின்றன.

1904-ல் பிரிஸ்டலில் ஆர்ச்சிபால்ட் லீச் என்ற பெயரில் பிறந்தவர், பள்ளிப் பருவத்திலேயே பாப் பெண்டரின் வித்தைக் குழுவில் சேர்ந்தார். குட்டிக்கரணம், பொய்க்கால் நடை, பேசாமல் சிரிக்கவைக்கும் ஊமைக்கூத்து எல்லாம் அங்கே கற்றவை. 1920-ல் அந்தக் குழுவோடுதான் நியூயார்க் போனார். அடிபடாமல் விழுவது எப்படி, விழுந்தது தற்செயல் என்று நம்பவைப்பது எப்படி என்பதெல்லாம் கேமராவைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்குக் கைவந்திருந்தது. 1932-ல் பாரமவுன்டில் திரைக்கு வந்த பிறகும் நாலைந்து வருடம் அவரை நாயகிக்குப் பக்கத்தில் அழகாக நிற்கத்தான் வைத்தார்கள். அந்தப் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை. பாரமவுன்ட் ஒப்பந்தம் முடிந்து, ஒரே ஸ்டுடியோவுக்குக் கட்டுப்படாமல் வெளியே வந்த பிறகுதான் ஆட்டம் ஆரம்பம்.

1937-ல் லியோ மெக்கேரி இயக்கிய 'தி ஆஃபுல் ட்ரூத்'. முழு ஸ்கிரிப்ட் கையில் இல்லாமல், அன்றன்றைக்குக் காட்சியை வளர்த்தெடுப்பது மெக்கேரியின் பழக்கம். கிராண்டுக்கு இது ஒத்துவராமல் படத்திலிருந்து கழன்றுகொள்ளப் பார்த்தார். நல்லவேளை, விடவில்லை. இதில் ஒரு கச்சேரிக் காட்சி உண்டு. மனைவியைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தவன், சபை நடுவே அவள் பாடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அசடு வழிந்து பின்வரிசை நாற்காலியில் உட்காருகிறான். நாற்காலியின் பின்னங்கால்களில் சாய்கிறான். சாய்வு கொஞ்சம் கூடுகிறது, நாற்காலி கவிழ்கிறது, பக்கத்து மேசையும் சேர்ந்து போகிறது. எழுந்திருக்க முயலும்போதெல்லாம் இன்னொரு சத்தம். முகத்தில் மட்டும் ஒன்றும் நடக்காத பாவனை. மனைவியாக நடிக்கும் ஐரீன் டன் பாட்டை நிறுத்தாமல் கடைசிச் சுரத்தையே ஒரு சின்னச் சிரிப்பாக்கி முடிக்கிறார். சாதாரண நடிகர் விழுந்தால் ஒரு தடவை சிரிப்போம். கிராண்ட் விழுவதைத் தவணைமுறையில் செய்கிறார். ஒவ்வொரு தவணைக்கும் இடையில் சபை மறுபடி அமைதியாகும்வரை காத்திருக்கிறார். சிரிப்பு பிறப்பது அந்த இடைவெளியில்.

இங்கேதான் டிவி விஷயம் வருகிறது. அந்தக் காலப் படங்களின் அகல உயர விகிதம் 1.37-க்கு 1, ஏறக்குறைய பழைய 4:3 சதுரப் பெட்டி. நம்முடையவை 16:9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் முறை. அது பிடிக்காமல் ரிமோட்டில் ஜூம் வைத்தால் மேலும் கீழுமாகப் படத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டுப்படும். விழுகிற மனிதரின் படத்தில் தரை காணாமல் போனால் என்ன மிச்சம்? ஸ்ட்ரெச் வைத்தால் எதுவும் வெட்டுப்படாது, ஆனால் ஆள் 30 சதவீதம் அகன்றுவிடுவார். கிராண்டின் நீண்ட கால்கள் உரல் மாதிரித் தெரியும். ரிமோட்டில் 'ஒரிஜினல்' அல்லது '4:3' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். சில இணையதளங்களில் படத்தின் ஃபைலையே வெட்டி ஏற்றியிருப்பார்கள். அதற்கு டிவியில் மருந்து கிடையாது, வேறு பிரதிதான் தேட வேண்டும். டைட்டில் கார்டில் எழுத்துகள் ஃப்ரேமின் மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ இடிக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஜூம் செய்தால் எது போகும் என்பதற்கு இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸின் 'பிரிங்கிங் அப் பேபி' (1938) நல்ல சோதனை. உணவு விடுதிக் காட்சியில் கேதரின் ஹெப்பர்ன் தவறவிட்ட ஆலிவ் காய் வழுக்கி, கிராண்ட் தன் தொப்பி மேலேயே உட்காருவார். அடுத்து அவர் கோட்டின் முதுகு கிழியும். அடுத்து அவர் மிதித்திருப்பது தெரியாமல் ஹெப்பர்ன் நகர, பாவாடையின் பின்பக்கம் கையோடு வரும். கிராண்ட் முதலில் தொப்பியால் மறைக்கப் பார்க்கிறார், பிறகு வேறு வழியில்லாமல் அவள் முதுகோடு ஒட்டி, இருவரும் ஒரே காலெடுத்து வெளியே நடக்கிறார்கள். காலடி ஒரு தாளம் தப்பினாலும் காட்சி படுத்துவிடும். தலையிலிருந்து பாதம்வரை தெரியும்படி ஹாக்ஸ் வைத்திருக்கிறார், காரணம் இதுதான். அதே வருடம் வந்த 'ஹாலிடே'யில் ஹெப்பர்னைத் தோளில் நிற்கவைத்து, இருவரும் முன்னால் சரிந்து உருளும் வித்தை உண்டு. அதுவும் பெண்டர் குழுப் பாடம்தான்.

அடுத்தது வேகம். 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) எல்லோரும் பேசித் தள்ளுகிற படம். ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறிப் பேச வேண்டும் என்பதற்காக, வசனத்தின் தலையிலும் வாலிலும் போனால் போகட்டும் என்று சில சொற்களைச் சேர்த்து, சரக்கை நடுவில் வைத்தார் ஹாக்ஸ். தலையும் வாலும் அமுங்கிப்போனாலும் கதை அமுங்காது. இதைத் தானாக எழுதும் சப்டைட்டில் கெடுத்துவிடும். கடைசிப் பகுதியில் கிராண்ட் தொலைபேசியில் பத்திரிகையின் முதல் பக்கத்தை மாற்றச் சொல்லிக் கத்துகிறார், ரோசலிண்ட் ரஸ்ஸல் தட்டச்சு செய்தபடியே பதில் சொல்கிறார், நடுவில் ரால்ஃப் பெல்லமி மன்றாடுகிறார். இரண்டு வரிக்குள் மூன்று பேரை அடைக்க எந்த சப்டைட்டிலாலும் முடியாது, தானியங்கியோ ஒருவர் பேச்சை இன்னொருவர் வாயில் போடும். முதல் முறை சப்டைட்டிலோடு கதையைத் தெரிந்துகொண்டு, இரண்டாம் முறை அதை அணைத்துவிட்டு ஆட்களைப் பார்ப்பது நல்லது. ஆர்ச்சி லீச் என்ற தன் சொந்தப் பெயரை கிராண்ட் வசனத்தில் நுழைத்திருப்பதும் அப்போதுதான் காதில் விழும்.

டிவிடி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேம். நம் ஊரில் வழங்கிய PAL என்ற டிவி முறைக்கான டிவிடி 25-ல் ஓடும். இதனால் படம் 4 சதவீதம் வேகமாகி, 92 நிமிடப் படம் 88 நிமிடத்தில் முடியும். அரைச்சுரம்கூட நிறையாத அளவுக்குக் குரலின் சுருதியும் ஏறும். மற்ற படங்களில் இது பெரிதாகத் தெரியாது. ஏற்கனவே பறக்கிற 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யில் மூச்சுவிடும் இடங்கள் காணாமல் போகும். உறையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கைப் பார்த்து வாங்குங்கள். புது டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் வசதியையும் அணைத்துவிட வேண்டும். இல்லாத ஃப்ரேம்களை அது நடுவில் புகுத்துவதால், கிராண்ட் தடுமாறும் அந்தச் சின்ன வெட்டு மழுங்கிவிடும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் ஏன் இவ்வளவு மோசமான பிரதிகள் என்று பலர் கேட்கிறார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28 வருடம் முடியும்போது காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே', 'பென்னி செரனேட்' இரண்டுக்கும் அது நடக்கவில்லை. 'ஷரேட்' (1963) கதை இன்னும் வேடிக்கை. திரையில் காப்புரிமை அறிவிப்பைச் சரியாகப் போடாததால் வெளியான அன்றே பொதுச்சொத்தாகிவிட்டது. ஆகவே யார் வேண்டுமானாலும் கையில் கிடைத்த தேய்ந்த பிரிண்டிலிருந்து நகல் எடுத்தார்கள், அந்த நகலிலிருந்து இன்னொரு நகல். 'ஷரேட்'டில் முகங்கள் செம்மண் நிறத்தில் தெரிந்தால் அது சாயம் போன பிரதி. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே', 'ஷரேட்' இரண்டுக்கும் நன்றாகப் புதுப்பித்த பதிப்புகள் வந்துவிட்டன. காசு கொடுத்தாவது அவற்றைப் பாருங்கள். 'ஷரேட்' சமயத்தில் அவருக்கும் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் 25 வயது வித்தியாசம். அது உறுத்தக்கூடாதென்று, பெண்தான் தன்னைத் துரத்துவதாகக் கதையை மாற்றச் சொன்னவர் கிராண்ட். அந்த வயதிலும் சூட்டைக் கழற்றாமல் ஷவரில் நிற்கும் காட்சியில் பழைய வித்தைக்காரர் எட்டிப் பார்க்கிறார்.

இயக்குநர் ஹிட்ச்காக்கோடு செய்த நான்கு படங்களில் உங்கள் கட்டுரையாளர் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில் வெட்டவெளியில் கிராண்டை விமானம் துரத்தும் காட்சியைச் சொன்னது சரி. ஆனால் அதில் இசையே இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். டேங்கர் லாரி வெடித்த பிறகுதான் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் உள்ளே வருகிறார். அதுவரை நம்மைப் பிடித்து வைத்திருப்பது வெட்டவெளியில் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கும் ஓர் ஆளின் நிலை மட்டும்தான். இண்டியானா என்று சொல்லப்படும் அந்த இடம் கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டி. விஸ்டாவிஷனில் எடுத்தது, அதாவது ஃபிலிம் படுக்கைவசமாக ஓடி, ஒரு ஃப்ரேம் எட்டுத் துளை அகலம் எடுத்துக்கொள்ளும். தூரத்தில் புள்ளியாய் வரும் கார் அதனால்தான் துல்லியம். கைபேசியில் பார்த்தால் அந்தப் புள்ளி தெரியாது.

'நொட்டோரியஸ்' (1946) என் கணக்கில் அவருடைய சிறந்த படம். அதில் வித்தை எதுவும் கிடையாது. அவர் வரும் முதல் காட்சியின் தொடக்கத்தில் முகத்தைக்கூடக் காட்டாமல் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருக்கிறார். முத்தம் மூன்று வினாடிக்கு மேல் போகக்கூடாதென்ற தணிக்கை வழக்கத்தை ஏமாற்ற, முத்தத்தைத் துண்டு துண்டாக்கி, நடுவில் பேச்சும் தொலைபேசியும் வைத்தார் ஹிட்ச்காக். கிராண்டும் நாயகியும் ஒட்டியபடியே அறையைக் கடக்க வேண்டும். நடிப்பவர்களுக்கு அது கோணலான நடை, திரையில் துளியும் தெரியவில்லை.

எல்லாமே தங்கம் என்று சொல்லமாட்டேன். 'ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' முழுக்க முழியை உருட்டுகிறார், அவருக்கே பின்னால் அது பிடிக்கவில்லை. சரித்திர உடை போட்ட 'தி பிரைட் அண்ட் தி பேஷன்' போன்றவற்றில் அந்த உடம்பு இறுகிப்போய் நிற்கிறது.

இன்னொரு திருத்தம். ஆஸ்கர் அவருக்குக் கிடைக்கவே இல்லை என்று கட்டுரையில் இருந்தது. போட்டியில் இரண்டு பரிந்துரையோடு நின்றது உண்மை. 1970-ல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள்.

தொடரின் அடுத்த கட்டுரைகளில் ஒவ்வொரு படப்பெயருக்குப் பக்கத்திலும் ஆண்டு, ஓடும் நேரம், படவிகிதம் மூன்றையும் அச்சிடுங்கள். 'பிரிங்கிங் அப் பேபி' என்றால் 1938, 102 நிமிடம், 1.37. கையில் இருக்கும் பிரதி சரியானதா என்று வாசகர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ள அது போதும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி