டெபியன் வெளியீட்டுக் குழுவினருக்கு நன்றி மடல்

டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் அன்பிற்குரிய வெளியீட்டுக் குழுவினருக்கும், அவர்களோடு தோள்கொடுத்த கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) பராமரிப்பாளர்களுக்கும், கணினியில் அதை ஏற்ற உதவும் நிறுவல் படிமங்களைத் தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

இந்த நன்றியை நான் சொல்லியிருக்க வேண்டிய நாள் 2023 டிசம்பர் 10. தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அதற்கு முதல் நாள் சனிக்கிழமை. நான் பார்த்துக்கொள்ளும் கல்லூரி ஆய்வகத்தில் 22 கணினிகள், அத்தனையிலும் டெபியன் 12. திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. அந்தச் சனிக்கிழமையே அதன் திருத்தப் பதிப்பான 12.3 வருகிறதென்று தெரியும். கையோடு அப்டேட் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். முதல் கணினியில் கட்டளையை அடித்துவிட்டேன், என்டர் மட்டும்தான் பாக்கி. அப்போதுதான் உங்கள் அறிவிப்பு கண்ணில் பட்டது. 6.1.64 கெர்னலில், வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் தரவு சிதையக்கூடிய பிழை இருக்கிறது, 12.3 படிம வெளியீட்டை நிறுத்தி வைக்கிறோம், இப்போது எந்தக் கணினியையும் மேம்படுத்தாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். தானாக அப்டேட் ஆகும்படி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கையும் இருந்தது.

அடித்ததை அழித்தேன். பிறகு ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து, 22 கணினியிலும் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி, எந்தக் கெர்னல் ஓடுகிறதென்று பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டேன். எல்லாம் பழையதுதான். பிள்ளைகள் ஒரு பருவம் முழுக்க எழுதிய நிரல்கள் அந்த வட்டுகளில்தான் இருந்தன.

மறுநாளே திருத்திய கெர்னலோடு 12.4 வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அது. 12.3 படிமம் வெளிவரவே இல்லை. எண் வரிசையில் ஓர் ஓட்டை விழுகிறதே என்று யோசிக்காமல் தாண்டிப் போனீர்கள். ஒன்று சரியில்லை என்று தெரிந்தவுடன், அறிவித்த தேதியன்றே, ஊரறியச் சொல்லி நிறுத்துவதற்குப் பெரிய மனசு வேண்டும்.

2024-லும் அதையேதான் செய்தீர்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் யாரோ புகுத்திய பின்கதவை (கள்ளத்தனமாக உள்ளே நுழையும் வழி) ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கண்டுபிடித்தார். டெபியனின் வளர்ச்சிப் பதிப்பான சிட் ஓடிய கணினியில், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து அவர் தோண்டியதில் வெளிவந்தது அது. எல்லோரும் பயன்படுத்தும் நிலைப்பதிப்புக்குள் அந்தக் கோளாறு வந்திருக்கவில்லை. அப்படியும் ஏப்ரலில் வரவேண்டிய 12.6-ஐத் தள்ளிவைத்தீர்கள், ஜூன் 29 அன்றுதான் விட்டீர்கள். காத்திருந்த எனக்கு ஒரு நாளும் சலிப்பு வரவில்லை.

டெபியன் 13-க்கான ஃப்ரீஸ், அதாவது புது மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் காலம், 2025 மார்ச் நடுவில் தொடங்கி, படிப்படியாக இறுகி, ஆகஸ்ட் 9-ல்தான் வெளியீட்டில் முடிந்தது. ஏறக்குறைய ஐந்து மாதம். புதிதாக ஒன்றைச் சேர்க்கக் கேட்டு வருபவர்களிடம் அத்தனை மாதமும் "இப்போது வேண்டாம்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே, வெளியீட்டைத் தடுக்கும் பிழைகளை ஒவ்வொன்றாக அடைப்பது எவ்வளவு அலுப்பான வேலை! கைதட்டல் எல்லாம் புது வசதி எழுதியவருக்கே போய்விடுகிறது. நிலைப்பதிப்புக்குள் வராமல் போன பிழைகளுக்காக உங்களுக்கு நன்றி சொல்ல ஆளில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். உங்களில் பலர் சம்பளமில்லாமல், சொந்த வேலை முடித்து வந்து இரவில் செய்கிறீர்கள். மனமார்ந்த நன்றி.

ஆய்வகக் கரும்பலகையின் மூலையில் அடுத்த வெளியீட்டுத் தேதியைச் சாக்பீஸால் எழுதி வைப்பது என் வழக்கம். நீங்கள் தள்ளிப்போட்டால் அழித்துவிட்டுப் புதுத் தேதியை எழுதுகிறேன். உங்கள் சௌகரியம்போல் விடுங்கள்.

அன்புடன்,
ஒரு கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர்