பட்டியலில் இல்லாத வரி

அன்புள்ள தம்பிக்கு,

பராமரிப்புச் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னாய். "பாதுகாப்பில் மட்டும் கை வைக்கமாட்டேன் அண்ணா" என்றாய். உன்னை நம்புகிறேன். ஆனால் நீ வெட்ட உட்காரும் பட்டியலில் பாதுகாப்பு என்று ஒரு வரியே இருக்காது. கம்ப்ரஸர், உதிரிபாகம், இரவு ஷிப்ட் ஆள் என்றுதான் இருக்கும்.

போபால் பூச்சிமருந்து ஆலையின் விஷவாயுக் கசிவை எடுத்துக்கொள். விஷத் திரவத்தைக் கொதிக்கவைத்த தண்ணீர் டேங்குக்குள் எப்படிப் போனது என்றுதான் இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த டிசம்பர் இரவைவிட 1984 ஜூன் மாதம்தான் உறுத்துகிறது. ஆலை நட்டத்தில் இருந்தது. மீதைல் ஐசோசயனேட் என்ற அந்த விஷத் திரவம் இருந்த டேங்குகளின் குளிரூட்டும் இயந்திரத்தை அந்த மாதம் நிறுத்தினார்கள். உள்ளிருந்த ஃப்ரீயான் என்ற குளிரூட்டும் பொருளையும் வடித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவசரத்துக்கு ஓட்டலாம் என்றாலும் இனி ஓடாது. 11 டிகிரியைத் தாண்டினால் அலற வேண்டிய அலாரம் அங்கே இருந்தது. குளிர்ச்சி போனபின் டேங்க் எப்போதுமே அதற்கு மேல்தான். ஓயாமல் அலறுவதை யார் பொறுப்பார்கள்? அதை அடக்கிவைத்தாயிற்று. மிச்சம் பிடித்தது மின்சாரத்தை. கூடவே போனது எச்சரிக்கை. அதற்கு யாரும் தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்கள்.

கசியும் வாயுவை எரித்துவிடும் ஃபிளேர் கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு அரித்துப்போனதால் கழற்றப்பட்டிருந்தது. இரவு ஷிப்டில் பராமரிப்பு மேற்பார்வையாளர் என்ற வேலையே இல்லாமல் போயிருந்தது. அன்றிரவு கசிந்த 610ஆம் டேங்கில் இருந்ததோ சுமார் 40 டன் விஷத் திரவம்.

ஊரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் டேங்க் நிரம்பி வழியாமல் தடுக்கும் சுவிட்ச் பழுதானது. உதிரிபாகம் அடுத்த காலாண்டில் வாங்கலாம் என்றார்கள். 'தற்காலிகம்' என்று சிவப்பு அட்டை எழுதிக் கம்பியில் கட்டியவன் நான்தான். வெயிலில் சிவப்பு வெளுத்து ரோஜா நிறமானது, தேதி அழிந்தது. அப்போதும் ஷிப்ட் முடியும்போது லாக் புத்தகத்தில் 'எல்லாம் இயல்பு' என்று எழுதிவிட்டுத்தான் பஸ் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. என் சாமர்த்தியம் அதில் ஏதுமில்லை.

திங்கட்கிழமை கணக்குத் தாளைத் திறப்பதற்கு முன் ஆலைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வா. இரவு ஷிப்ட் ஆபரேட்டரையும் கூட்டிக்கொண்டு போ. எந்த அலாரத்தை அமைதியாக்கிவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அவனுக்குத்தான் தெரியும். தொங்கும் அட்டைகளில் மிகப் பழைய தேதி எது என்று பார்த்து, அன்றிரவே எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அண்ணன்