ஃபிளஷுக்கு நான்கா, மூன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேசினோ மேசைகளில் ஆடப்படும் மூன்று சீட்டு போக்கரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்டத்தின் போக்கைத் தெளிவாக விளக்கிய கட்டுரையாளர், ஃபிளஷ் ஸ்ட்ரெய்ட்டை வெல்லும் என்று எழுதியிருப்பது தவறு. ஐந்து சீட்டு போக்கரில்தான் அப்படி; இங்கே நேர்மாறு. 52 சீட்டுகளிலிருந்து மூன்றை எடுக்கக்கூடிய 22,100 வழிகளில், வரிசையாக இல்லாமல் ஒரே சின்னத்தில் மூன்றும் அமையும் ஃபிளஷ் 1,096. மூன்றும் ஒரே சின்னமாக இல்லாமல் எண் வரிசையாக அமையும் ஸ்ட்ரெய்ட் 720 மட்டுமே. எது அரிதோ அதற்கே மதிப்பு அதிகம். ஒரே எண்ணில் மூன்று சீட்டு (52) சேர்வதைவிட, ஒரே சின்னத்தில் எண் வரிசையாகவும் அமையும் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் (48) மேலே நிற்பதும் இதனால்தான்.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடுபவர் ஆன்ட்டி என்னும் முதல் பந்தயத்தை வைத்ததும் அவருக்கும், கேசினோவின் சார்பில் சீட்டுப் போடும் டீலருக்கும் மூன்று மூன்று சீட்டுகள் விழும். தம் சீட்டைப் பார்த்தபின் அவர் ஆன்ட்டியை இழந்து விலகலாம், அல்லது அதே அளவுக்கு பிளே பந்தயம் வைத்துத் தொடரலாம். டீலரிடம் ராணியோ அதற்கு மேற்பட்ட சீட்டோ இல்லாமல், ஜோடி முதலிய எதுவும் அமையாமலும் போனால் அவர் கை (அவரிடம் உள்ள மூன்று சீட்டு) தகுதி பெறாது. அப்போது ஆடுபவருக்கு ஆன்ட்டிக்குச் சமமான தொகை கிடைக்கும், பிளே பந்தயம் அப்படியே திரும்பி வரும். தகுதி பெற்றால் உயர்ந்த கைக்கு இரண்டு பந்தயங்களும் போகும்.

ராணி, 6, 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொடர வேண்டும் என்ற சூத்திரத்தைக் கட்டுரை சரியாகவே கொடுத்திருக்கிறது. ஆனால் காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் தெரியாத சூத்திரத்தை மேசையில் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் மனம் மீறிவிடும். டீலர் தகுதி பெறாமல் போவது நூற்றுக்கு ஏறத்தாழ 30.4 முறை. ஜாக்கியே பெரிய சீட்டாக உள்ள கையோடு தொடர்பவர் அந்த 30.4 முறை மட்டும் ஒரு பங்கு (ஓர் ஆன்ட்டி அளவு) பெறுவார், மற்ற 69.6 முறையும் இரண்டு பங்கு இழப்பார். கூட்டிக் கழித்தால் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 1.09 பங்கு நஷ்டம். விலகினால் போவது ஒரு பங்குதான். கையில் ராணி வந்ததும் தகுதி பெற்ற டீலரையும் சில வேளை வெல்ல முடிகிறது; அந்தக் கூடுதல் வாய்ப்பு தராசைச் சமன்படுத்தும் இடமே ராணி, 6, 4. ஆகவே ராணியுடன் 7 இருந்தால் மூன்றாவது சீட்டைப் பார்க்கவே வேண்டியதில்லை. ராணி, 6, 3 என்றால் விலகுவதே நல்லது. உயர்ந்த கைகளுக்குக் கூடுதலாகத் தரும் வழக்கமான ஆன்ட்டி போனஸ் உள்ள மேசையில் இதைப் பிசகாமல் பின்பற்றுபவருக்கு நீண்ட காலச் சராசரி இழப்பு ஆன்ட்டியில் 3.37 சதவீதம், எந்தக் கை வந்தாலும் விலகாமல் தொடர்பவருக்கு 7.65 சதவீதம்.

கட்டுரை ஒரே வரியில் தாண்டிச் சென்ற பெயர் பிளஸ் (Pair Plus) என்னும் தனிப் பந்தயத்தில்தான் எனக்கு முக்கியமான மனக்குறை. ஜோடி அல்லது அதற்கு மேல் வந்தால் டீலரின் கையைப் பொருட்படுத்தாமல் இது பணம் தரும். இதில் வியூகம் என்று எதுவுமே கிடையாது, மேசையில் அச்சிட்டிருக்கும் பட்டியல்தான் எல்லாம். ஜோடிக்கு 1, ஃபிளஷுக்கு 4, ஸ்ட்ரெய்ட்டுக்கு 6, மூன்று ஒத்த சீட்டுக்கு 30, ஸ்ட்ரெய்ட் ஃபிளஷுக்கு 40 மடங்கு தரும் மேசையில், 22,100 கைகளும் ஒவ்வொரு முறை வந்ததாக வைத்துக்கொண்டால், வரவு 15,928, இழப்பு 16,440. நிகர நஷ்டம் 512, அதாவது 2.32 சதவீதம். ஃபிளஷுக்கு மட்டும் 4-ஐ 3 ஆக்கிவிட்டால் நஷ்டம் 1,608 ஆகி, 7.28 சதவீதத்தைத் தொடுகிறது. ஒரே ஓர் இலக்கம் மாறியதில் மூன்று மடங்குக்கு மேல்! சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகும் வாசகர் இந்த இலக்கத்தைக் கவனிக்காமல் உட்கார்ந்துவிட வாய்ப்பு உண்டு.

எனவே கைகளின் வரிசைக்கான திருத்தத்தை வெளியிடும்போது, மேற்கண்ட இரண்டு பெயர் பிளஸ் பட்டியல்களையும் அவற்றின் சதவீதத்தோடு அருகருகே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்