ஃபார்மட் அடிப்பதற்கு முன்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மனுவும் பத்திரமும் அடிக்கும் உன் கடையில் இருக்கும் மூன்று சிஸ்டமும் (கவுன்ட்டர், பக்கம் கட்டும் டிடிபி, லேப்டாப்) விண்டோஸ் 10, ஒன்றுகூட 11-க்கு ஏறமாட்டேன் என்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு மூன்றிலும் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதில் ஓடும் இலவச ஓஎஸ், அதாவது இயக்குதளம்) போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். போடலாம். ஆனால் டிடிபி சிஸ்டத்தைத் தொடாதே, ஒரே ஞாயிற்றுக்கிழமையிலும் வேண்டாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு அடிக்க வருகிறவர்கள் உன் வாசலில்தான் நிற்பார்கள்.

அவை ஏறாததற்குக் காரணம் எளிது. உன்னிடம் இருப்பவை நான்காம், ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். பதிந்துகொள். அந்த அவகாசத்தில் ஒவ்வொன்றாக மாற்றலாம்.

விண்டோஸை விடுவது பெரிய காரியம் இல்லை. வானவில் எழுத்துருவையும், பக்கம் கட்டும் பேஜ்மேக்கரையும், கேனன் எல்பிபி 2900 பிரிண்டரையும் விடுவதில்தான் பாடு இருக்கிறது. அதனால் ஓஎஸ்ஸைக் கடைசியில் மாற்று. முதலில் விண்டோஸிலேயே லிபர் ஆபீஸ் (வேர்டுக்குப் பதில்), ஜிம்ப் (படம் திருத்த), ஸ்கிரைபஸ் (பக்கம் கட்ட) மூன்றையும் போட்டு, பையன்களை ஒரு மாதம் அதில் பழகவிடு. மூன்றும் விண்டோஸிலும் ஓடும். பிறகு ஓஎஸ் மாறியதே கவுன்ட்டரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

எழுத்துருதான் அடிவேர். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் உருவத்தை உட்காரவைத்தவை. எழுத்துருக் கோப்பு இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிவது அதனால்தான். கோப்பை லினக்ஸில் இரட்டைச் சொடுக்கிட்டு நிறுவினால் பழைய மனுக்கள் ஒழுங்காகத் தெரியும், பிரிண்டும் வரும். ஆனால் அந்த எழுத்துருவில் புதிதாகத் தட்டச்ச நீ வைத்திருக்கும் விசைப்பலகை மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் ஆனது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டை) ஏற்று ஆணை போட்டுவிட்டது. இனி புதிய வேலை எல்லாம் யூனிகோடில் ஆரம்பி.

அடிக்கடி எடுக்கும் மாதிரி மனுக்களை, விற்பனைப் பத்திரப் படிவங்களை, விண்டோஸ் இருக்கும்போதே மாற்றி வைத்துக்கொள். பழைய எழுத்துருவை யூனிகோடாக்கும் என்எச்எம் கன்வர்ட்டர் போதும். மாற்றியதும் அப்படியே பிரிண்ட் கொடுத்துவிடாதே. பழைய எழுத்துருவில் கொம்பு முன்னால் பதிவாகும், எழுத்து அதன் பின்னால். யூனிகோடில் எழுத்துதான் முன்னால். அதனால் கொ, கோ, கௌ வரும் இடங்களில்தான் பிசகும். ஔகாரத்தின் பின்பகுதி ‘ள’ ஆகிவிடும், அல்லது ‘ள’ அதுவாகிவிடும். பத்தியின் நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிக் குப்பையாக்கிவிடும். பெயர், ஊர், சர்வே எண் மூன்றையும் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

நீ போடப்போகும் லினக்ஸ் வகையான மின்ட்டில் தமிழ் அடிக்க, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளும் தமிழ் விசைப்பலகைகள் அடங்கிய அதன் எம்17என் தொகுப்பும் நிறுவ வேண்டும். நிறுவியபின் ஒரு முறை லாக் அவுட் செய்து உள்ளே வா. இதைச் செய்யாமல் ‘தமிழ் வரவில்லை’ என்று புலம்புகிறவர்கள் நிறைய. பட்டியலில் தமிழ்99, ஃபொனெட்டிக், இன்ஸ்கிரிப்ட், பழைய டைப்ரைட்டர் எல்லாம் இருக்கும். உன் மூத்த ஆபரேட்டர் டைப்ரைட்டர் ஹையர் முடித்தவர் என்றாயே, அவருக்கு அதையே வை. ஐம்பது வயதில் விரலை மாற்றச் சொல்வது பாவம்.

பேஜ்மேக்கர் யூனிகோடை அறியாது. அதன் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல். ஆகவே எழுத்துருவை மாற்றினால் அதையும் விட்டாக வேண்டும். பேஜ்மேக்கரின் பழைய பிஎம்டி கோப்பை லிபர் ஆபீஸ் டிரா திறக்கும், ஆனால் வரி உடையும், படம் நகரும். பத்திரிகை வேலைக்கு அது ஆகாது, உள்ளே இருக்கும் விஷயத்தை எடுத்துக்கொள்ள உதவும். புதிய பக்கங்களுக்கு ஸ்கிரைபஸ் 1.6 போடு. 1.4 கையில் வைத்திருக்கிறாய் என்றால் தூக்கி எறி, அதில் தமிழ் உயிர்மெய் சிதறும். அச்சுக்கு வேண்டிய சிஎம்ஒய்கே நிறமுறை, பிடிஎஃப் எக்ஸ்-3 கோப்பு இரண்டும் 1.6-இல் வரும் என்பதால் ஆஃப்செட் அச்சகத்தில் முகம் சுளிக்கமாட்டார்கள்.

டிடிபி சிஸ்டத்தை (ஆறாம் தலைமுறை) கடைசிவரை விண்டோஸிலேயே விட்டுவை. நெட் கேபிளைப் பிடுங்கிவிடு. பழைய பேஜ்மேக்கர் வேலையும் எல்பிபி 2900-உம் அதோடு கிடக்கட்டும். அதற்கென்று ஒரு பென்டிரைவ் ஒதுக்கி வை. வாடிக்கையாளர் பென்டிரைவை அதில் செருகவே கூடாது. அந்த 2900 லினக்ஸில் ஏன் முரண்டு பிடிக்கிறது என்றால், அது கேப்ட் என்ற தனி மொழியில் பேசுகிற பிரிண்டர். கேனன் தந்த லினக்ஸ் டிரைவர் பழையது, 32-பிட் துணைக்கோப்புகள் கேட்கும், பின்னணியில் ஒரு சேவை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடவைக்கலாம், ஆனால் மாதம் ஒரு முறை அதனோடு மல்லுக்கட்ட உனக்கு நேரம் கிடையாது. கவுன்ட்டரில் இருக்கும் எச்பி 1020 அப்படி இல்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சிஸ்டம்தான் அதற்கு ஃபர்ம்வேர் (அதன் உள் மென்பொருள்) ஊட்ட வேண்டும், அவ்வளவுதான். எச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுப்பான எச்பிலிப் நிறுவி அதன் பிளக்-இன்னையும் இறக்கிக்கொள். பிளக்-இன் இல்லாவிட்டால் வேலை ‘முடிந்தது’ என்று காட்டும், தாள் மட்டும் வெளியே வராது.

இப்போது கவுன்ட்டர் சிஸ்டம். முதலில் மாற்ற வேண்டியது இதுதான். வாட்ஸ்அப் வெப், பிடிஎஃப், ஸ்கேன், பிரிண்ட், அரசுத் தளங்கள் எல்லாமே பிரவுசர் வேலை. போதாததற்கு ஊரெல்லாம் சுற்றி வருகிற ஷார்ட்கட் வைரஸ் பென்டிரைவ்களும் இதில்தான் செருகப்படுகின்றன. அந்த வைரஸ் விண்டோஸ் நிரல். மின்ட்டில் வெறும் கோப்பாகத் தெரியும், ஓடாது. அழித்துவிட்டு, மறைந்திருக்கும் அசல் ஃபோல்டரைத் திறந்துகொடுக்கலாம். கைரேகைக் கருவி வைத்து ஏதாவது செய்வதாக இருந்தால் மட்டும் சொல்: அந்தக் கருவியை இயக்கும் ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பித்தான் இருக்கிறது.

பழைய டிஸ்கை ஃபார்மட் அடிக்காதே. லினக்ஸுக்கென்று புதிதாக 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கு. விண்டோஸை ஷட் டவுன் செய்யும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே செய். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் போகும். பிறகு அந்த டிஸ்கை லினக்ஸ் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. பிறகு பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, மேலே மார்க்கரில் தேதி எழுதி, பீரோவில் வை. ஏதாவது கோளாறு என்றால் அதே கேபிளில் மாட்டினால் பழைய கடை அப்படியே எழுந்து நிற்கும். ஒரே சிஸ்டத்தில் விண்டோஸையும் லினக்ஸையும் மாறி மாறி ஓட்டினால் வரும் தொல்லைகள் — கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தப்புவது, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் பூட் வரிசை மாறுவது — எதுவும் உனக்கு வராது.

லினக்ஸ் மின்ட் 22 வரிசையை எடுத்துக்கொள். உபுண்டு 24.04-இன் மேல் கட்டியது, 2029 வரை திருத்தம் உண்டு. 4 ஜிபி ரேம் உள்ள கவுன்ட்டர் சிஸ்டத்துக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைத்தோற்றம், 8 ஜிபி உள்ள லேப்டாப்புக்குச் சின்னமன். இறக்கிய கோப்பின் ஷா256 எண்ணை (கோப்பு முழுசாக வந்ததா என்று காட்டும் எண்) தயாரித்து, அதைத் தளத்தில் இருப்பதோடு ஒப்பிடு. பாதியில் அறுந்த கோப்பால்தான் நிறுவல் நடுவில் நிற்கும். 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு எழுது. பென்டிரைவிலிருந்து தொடங்க வைக்கும் பூட் மெனு அசுஸ் போர்டில் எஃப் 8, ஜிகாபைட்டிலும் டெல்லிலும் எஃப் 12, எச்பியில் எஃப் 9. ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யுஇஎஃப்ஐ (புதிய தொடக்க முறை) என்று இருப்பதைத் தேர்ந்தெடு. உடனே நிறுவாதே. பென்டிரைவிலிருந்தே ஓடும் மின்ட்டில் அரை மணி நேரம் வைஃபை, ஸ்கேனர், ஒலி எல்லாம் பார். லேப்டாப்பில் எஸ்எஸ்டியே கண்ணில் படவில்லை என்றால் பயாஸ் (சிஸ்டத்தின் அடிப்படை அமைப்புத் திரை) டிஸ்க் முறையில் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கும், ஏஎச்சிஐ ஆக்கு. வைஃபை வரவில்லை என்றால் போனை யுஎஸ்பியில் மாட்டி நெட் கொடுத்து டிரைவர் மேனேஜரைத் திற. பிராட்காம் சில் என்றால் அங்கே கேட்கும்.

நிறுவி முடிந்ததும் அப்டேட் தொடங்கும் முன் டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்நாப்ஷாட் எடு, கெட்டால் அந்த நிலைக்கே திரும்பலாம். யுபிஎஸ் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்றும் பார். உங்கள் பக்கம் காற்றடித்தால் கரண்ட் போவது எனக்குத் தெரியாததா! அப்டேட் நடுவில் நின்றால் பயப்படாதே. அடுத்த முறை டிபிகேஜி (மென்பொருளை நிறுவும் நிரல்) பாதியில் அறுந்தது என்று சொல்லி, என்ன வரியை அடிக்க வேண்டும் என்றும் அதுவே காட்டும். அதையே டெர்மினலில் அடித்தால் மீதி வேலை முடியும்.

பையன்களுக்குச் சொல்லிவைக்க இரண்டு. பென்டிரைவில் காப்பி முடிந்தது என்று பட்டை சொன்னாலும் தரவு இன்னும் ரேமில் இருக்கலாம். எஜெக்ட் கொடுத்து, ‘எடுக்கலாம்’ என்று வந்தபிறகே பிடுங்க வேண்டும். விண்டோஸ் பழக்கத்தில் சட்டென்று இழுத்தால் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்த் திறக்கும்போது கோப்பு காலியாக இருக்கும். இன்னொன்று, வேர்டில் செய்த பயோடேட்டா. கலிப்ரி எழுத்துருவுக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலாடியா வரும். அகலம் ஒன்றே என்பதால் வரி பெரும்பாலும் கலையாது. டேபிளும் டெக்ஸ்ட் பாக்ஸும் நகரும். போனிலேயே பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள்.

இங்கே பிரெஞ்சு விண்ணப்பம் அடித்துக்கொடுக்கும் கடைக்காரர்களுக்கு மின்ட்டில் ஒரு வசதி உண்டு, உனக்கும் என்றாவது உதவும். கம்போஸ் விசையை (குறிகளைச் சேர்த்து ஒரே எழுத்தாக்கும் விசை) வலது ஆல்ட்டில் வைத்துவிட்டால், அதை அழுத்தி ஒற்றை மேற்கோள் குறியும் ஆங்கில ‘e’யும் தட்டினால் மேலே கோடு போட்ட ‘é’ வந்துவிடும். விண்டோஸில்போல ஆல்ட் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

வரும் ஞாயிறு எனக்கு வேலை இல்லை. எஸ்எஸ்டியும் ஒரு சாட்டா கேபிளும் வாங்கி வை, பழைய கேபிளில் கொக்கி உடைந்திருக்கும். பென்டிரைவ் நான் எழுதிக் கொண்டுவருகிறேன். முதல் பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணிக்குள் கடலூர் மஞ்சக்குப்பத்தில், உன் கடையில் இருப்பேன். மூத்த ஆபரேட்டரையும் வரச்சொல், விசைப்பலகை சரியாக இருக்கிறதா என்று அவர் விரல்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்